அரசுக்கு ஐ.டி. வேலை செய்யும் கம்பெனிக்கு எம்.டி. ஆக இருப்பது எப்படி? மதுரையிலிருந்து கேள்வி பதில்கள்

மதுரையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் 14 வருடம் இருந்தேன். எங்களுக்கு வாடிக்கையாளர் என்றால் அரசுத் துறைகள்தான். எம்.டி.க்கு அடுத்த நாற்காலி என்னுடையது. அவர் தலையில் விழுந்த இடியில் பாதி என் தோளிலும் விழுந்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளும், சொந்தமாகக் கம்பெனி தொடங்கிய தம்பி தங்கைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சி.இ.ஓ. என்று சொன்னால் கலெக்டர் ஆபீசில் ஏன் குழம்புகிறார்கள்?

நம் அரசு அலுவலகங்களில் சி.இ.ஓ. என்றால் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி இல்லை, முதன்மைக் கல்வி அலுவலர். ஒருமுறை எங்கள் பையன் போனில் "எங்க சி.இ.ஓ. பதினோரு மணிக்கு வர்றாரு" என்று சொல்லிவிட்டான். போய்ப் பார்த்தால், எந்தப் பள்ளிக்கூட விவகாரம் என்று தெரியாமல் அங்கே கோப்பு தேடிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கே விசிட்டிங் கார்டை மாற்றி 'நிர்வாக இயக்குநர்' என்று அடித்தோம். வாய்ப்பேச்சில் எம்.டி. இந்தப் பக்கத்திலும் அப்படியே சொல்கிறேன்.

மற்ற ஐ.டி. கம்பெனித் தலைவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே ஒரு வித்தியாசம், ஆனால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இங்கே காசு கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர்.

ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் சாப்பிட்டவர் அடுத்த நாள் வேறு ஓட்டலுக்குப் போய்விடுவார். சாதிச் சான்று வாங்க இ-சேவை மையத்தில் நிற்கிற அம்மாவுக்கு அந்த வசதி கிடையாது. மென்பொருள் எத்தனை மோசமாக இருந்தாலும் அவர் அதில்தான் விண்ணப்பித்தாக வேண்டும். அவர் உங்கள் வாடிக்கையாளரும் இல்லை. உங்களுக்கு ஒர்க் ஆர்டர் கொடுத்தது துறை, பில்லில் கையெழுத்து போடுவது துறை. அந்த அம்மாவின் கஷ்டம் எந்த வழியாகவும் தானாக உங்கள் மேசைக்கு வந்து சேராது. எம்.டி. மெனக்கெட்டுப் போய்த் தெரிந்துகொண்டால்தான் உண்டு.

பாரதி உலா சாலை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போயிருப்பீர்கள். பாஸ்போர்ட் சேவா திட்டத்தை 2008-இல் டி.சி.எஸ். எடுத்தது. அந்த முறையில் 'ஏ' கவுன்ட்டரில் உட்கார்ந்து போட்டோ எடுத்து, கைரேகை வாங்குபவர் கம்பெனி ஆள். 'பி', 'சி' கவுன்ட்டர்களில் சரிபார்த்து முடிவு சொல்பவர்கள் அரசு அலுவலர்கள். வரிசையில் நிற்கிறவருக்கு இந்தக் கோடு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கோடு எங்கே இருக்கிறது என்று ராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் எம்.டி. சொல்ல வேண்டும்.

மதுரையில் இந்தத் தொழில் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. வளாகங்கள் உண்டு. அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டு வேலை செய்பவை. அரசு வேலை எடுக்கும் சின்னக் கம்பெனிகள் கே.கே.நகர், அண்ணா நகர் பக்கம் வீட்டு மாடிகளில் இருக்கும். பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற பெரிய கம்பெனி டெண்டர் எடுக்கும், நம் ஊர்க்காரர் அதன் கீழே செய்து கொடுப்பார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

டெண்டர் எடுப்பதுதானே எம்.டி.யின் முதல் வேலை?

எந்த டெண்டரை விடுவது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை. நானும் இதைப் புரிந்துகொள்ள நாலு வருடம் ஆனது.

தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும், 2000-ஆம் ஆண்டின் விதிகளும்தான் அடிப்படை. தகுதி உள்ளவர்களில் யார் விலை குறைவோ அவருக்கு வேலை. எல்லோரும் 'எல்-1' என்று சொல்வது இதைத்தான். மத்திய அரசில் தரத்துக்கும் மதிப்பெண் போட்டு விலையோடு சேர்த்துப் பார்க்கும் முறை உண்டு. ஆலோசனைப் பணி அல்லாத வேலைகளுக்கும் அதை 2021 அக்டோபரில் அனுமதித்தார்கள். ஆனால் அங்கேயும் தரத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் எடை கிடையாது. ஆகமொத்தம் விலைதான் ராஜா.

அதனால் என்ன நடக்கிறது? டெண்டர் திறக்கும் நாளில் எல்-1 என்று அறிவித்ததும் அலுவலகத்தில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுப்பார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் கணக்கு இடிக்கும். ஐந்து வருடப் பராமரிப்பையும் சேர்த்து ஒரே விலை சொல்லியிருப்போம். மூன்றாம் வருடம் அந்த மென்பொருளை எழுதின பையன் பெங்களூருக்குப் போயிருப்பான்.

எங்கள் எம்.டி. கடைசியில் ஒரு பழக்கத்துக்கு வந்தார். ஆவணம் 200 பக்கம் இருந்தாலும் முதலில் மூன்று இடத்தை மட்டும் படிப்பார்: அபராதம் எப்படிக் கணக்கிடுகிறார்கள், பணம் எந்தக் கட்டத்தில் எத்தனை பங்கு வருகிறது, 'முடிந்தது' என்று சொல்ல வேண்டியவர் யார். மூன்றாவதற்கு பதில் தெளிவாக இல்லையென்றால், விலை கொடுப்பதற்கு முன்னால் துறை நடத்தும் ப்ரீ-பிட் கூட்டத்தில் எழுத்தில் கேட்பார். துறை எழுத்தில் பதில் தரவில்லை என்றால் அந்த டெண்டர் பக்கம் போக மாட்டோம். அந்தக் கூட்டத்தில் வாயால் சொல்லும் பதிலை நம்பிப் போனவர்கள் கதை நிறைய இருக்கிறது, அதில் ஒன்று எங்களுடையதும்தான்.

சிறு நிறுவனங்களுக்கு ஒரு தகவல். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று ஆணை இருக்கிறது. அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்துபவற்றுக்கு 4 சதவீதம். டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலும் விலக்கு உண்டு. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்காதீர்கள்.

பணம் எப்போது வரும்?

சட்டப்படியா, நடைமுறைப்படியா?

சட்டப்படி என்றால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. முறையிட வசதியாக்க மன்றம் இருக்கிறது. மதுரையிலேயே வட்டார மன்றம் உண்டு, இணையத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம்.

நடைமுறையில் யார் போடுகிறார்கள்? அடுத்த டெண்டரும் அதே துறையிலிருந்துதான் வரவேண்டும். அதே செக்‌ஷனில் அதே கிளார்க்கிடம்தான் நாளைக்கும் போய் நிற்க வேண்டும். எங்கள் எம்.டி. ஒருமுறைகூட அங்கே மனு போடவில்லை. அது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. கடைசிக் காலத்தில் துறையே ரத்து செய்துவிட்ட ஒரு வேலைக்காவது போட்டிருக்கலாம்.

ஆகவே, வேலை முடிவதற்கும் பணம் வருவதற்கும் நடுவே உள்ள மாதங்களைச் சுமப்பதுதான் இந்தத் தலைமையின் பெரும்பகுதி. வங்கி உத்தரவாதத்துக்கு வீட்டுப் பத்திரம், சம்பளத்துக்கு வீட்டம்மாவின் நகை. பெரியாறு அணைக்காகப் பென்னிகுயிக் சொத்தை விற்றார் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை என்பவர்களும் உண்டு. எது எப்படியோ, அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, சொத்தை வைத்து அரசு வேலை செய்வதை ஒரு தியாகம் போல நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது தியாகம் இல்லை, கணக்குத் தவறு. ஆறு மாதச் சம்பளம் கையில் இல்லாமல் பெரிய ஒர்க் ஆர்டரில் கையெழுத்து போட்ட எம்.டி., முதல் தேதியில் வேலை செய்யும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியாகப் போவார். நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 31-ஆம் தேதிக்குள் பில் கருவூலத்தில் ஏறவில்லை என்றால் புது வருட ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

'கொஞ்சம் கவனிங்க' என்று கேட்டால்?

இந்தக் கேள்வியைச் சபையில் யாரும் கேட்பதில்லை, டீ குடிக்கும்போது தனியாகக் கேட்பார்கள்.

ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது பலருக்கு இன்னும் உறைக்கவில்லை. கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்பிக்க வழி. கம்பெனிக்காக யாரோ ஒரு ஊழியர் கொடுத்தாலும் கம்பெனி மாட்டும். எம்.டி.யின் சம்மதத்தோடோ கண்டும் காணாமல் விட்டோ நடந்தது என்று நிரூபித்தால் அவருக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம்வரை சிறை. 'எனக்குத் தெரியாது, மார்க்கெட்டிங் பையன் பார்த்துக்கொண்டான்' என்று கைகழுவ முடியாது. ஊழியர்கள் இப்படிச் செய்யாமல் தடுக்க முறையான ஏற்பாடு வைத்திருந்தேன் என்று கம்பெனிதான் காட்ட வேண்டும்.

நடைமுறை யோசனை ஒன்றே ஒன்று. பில் விஷயமாகத் துறைக்குப் போகிறவர் கையில் கம்பெனி ரொக்கம் இருக்கக் கூடாது. 'இதரச் செலவு' என்ற தலைப்பை ஒழித்துவிடுங்கள். அந்தத் தலைப்பு இருக்கும்வரை அதற்குச் செலவும் வந்துகொண்டேதான் இருக்கும்.

சைட் படுத்துவிட்டது. எம்.டி. என்ன செய்ய வேண்டும்?

முதலில் போனை எடுக்க வேண்டும்.

வருமான வரித் துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7-ஆம் தேதி திறந்தது. இன்ஃபோசிஸ் செய்தது, திட்டச் செலவு 4,242 கோடி ரூபாய். திறந்த மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் (பிறந்தது நம் மதுரைதான்) ட்விட்டரில் வெளிப்படையாகக் கேட்டார். ஆகஸ்ட் ஆகியும் சரியாகவில்லை. ஆகஸ்ட் 23 அன்று அந்தக் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் டெல்லிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. செப்டம்பர் 15 வரை கெடு கொடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கூப்பிட்டது ப்ராஜெக்ட் மேனேஜரை அல்ல. அரசு வேலையில் பழுது ஒரு அளவைத் தாண்டிவிட்டால் அது தொழில்நுட்ப விஷயமாக இருப்பதில்லை. அப்போது தலைவர் முகம்தான் வேண்டும்.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ஆம் தேதி மருத்துவக் காப்பீட்டுக்கான அரசு இணையதளம் திறந்தபோது முதல் நாளில் முழுதாகப் பதிவு செய்ய முடிந்தது ஆறே பேரால். முதன்மை ஒப்பந்தக்காரர் சி.ஜி.ஐ. ஃபெடரல். நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது ஒவ்வொரு கம்பெனியும் 'என் பகுதி ஓடியது' என்கிற பாணியில்தான் பேசியது. எல்லாப் பகுதிகளையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் முழுச் சோதனை, திறப்பதற்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் நடந்திருக்கிறது. அது அரசு தரப்பின் பொறுப்பு என்றார்கள். ஒப்பந்தப்படி அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனாலும் 2014 ஜனவரியில் வேலை அக்சென்ச்சர் கைக்குப் போனது. 'இது நடக்காது, தேதியைத் தள்ளுங்கள்' என்று திறப்புக்கு முன்னால் எழுத்தில் சொல்வது யார்? எம்.டி.யைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் துணிவும் அதிகாரமும் கிடையாது.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூன் மாதம், பள்ளிச் சேர்க்கை நேரம், திங்கட்கிழமை காலை. நாங்கள் பராமரித்த விண்ணப்ப மென்பொருள் திறக்கவே இல்லை. எங்கள் எம்.டி. பத்தரை மணிக்கே துறைக்குக் கடிதம் அனுப்பினார்: 'இணைப்பு வழங்கும் தரப்பில் கோளாறு.' பன்னிரண்டு மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். பாதுகாப்புச் சான்றிதழ் ஞாயிறு நள்ளிரவோடு காலாவதி ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டியவர்கள் நாங்கள். நினைவூட்டல் மின்னஞ்சல், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

எம்.டி. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இரண்டாவது கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார். முதல் கடிதம் தவறு, கோளாறு எங்களுடையது, இன்ன காரணம் என்று நாலு வரி. பக்கத்துத் தாலுகா அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் நின்றவர்களிடம் மூன்று மணிக்குள் சரியாகிவிடும் என்று சொன்னார். ஒரு பெரியவர், "மூணு மணிக்கு எங்களுக்கு ஊருக்குப் போற பஸ்ஸு போயிரும்யா" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இரண்டாவது கடிதத்தால் அபராதம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, முழுதாகப் பிடித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் 'எங்கள் பக்கம் கோளாறு இல்லை' என்று எழுதினால் அந்த அலுவலகத்தில் நம்பினார்கள்.

ஊடுருவல், தரவுத் திருட்டு மாதிரி சம்பவம் என்றால் வேறு கணக்கு. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் யாரை எழுப்புவது என்று இப்போதே எழுதி ஒட்டுங்கள்.

மென்பொருளில் பிழை இருப்பது தெரியும், துறைக்கும் சொல்லிவிட்டோம். அதற்குமேல் நம் பொறுப்பு என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களுக்கு 1999-இலிருந்து 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டு வந்தார்கள். செய்தது ஐ.சி.எல்., ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமானது. பிற்பாடு பெயரும் ஃபுஜிட்சு ஆனது. மென்பொருள் காட்டிய கணக்குக்கும் பெட்டியில் இருந்த பணத்துக்கும் வித்தியாசம் வந்தது. கிராமத்தில் சிறு அஞ்சல் நிலையம் நடத்திய சாதாரண ஆட்கள்மீது திருட்டு, மோசடி வழக்கு. 900-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மென்பொருள் நம்பகமானது அல்ல என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 16 அன்று ஃபுஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் பால் பேட்டர்சன் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, இழப்பீட்டில் பங்களிக்கத் தங்களுக்கு தார்மீகக் கடமை இருக்கிறது என்றார். பிழைகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன என்றும், அதைத் தாங்கள் அஞ்சல் துறைக்குத் தெரிவித்திருந்தோம் என்றும் ஒப்புக்கொண்டார்.

பாருங்கள், 'துறைக்குச் சொல்லிவிட்டோம்.' உங்கள் கேள்வியில் இருக்கிற அதே வாக்கியம். வாடிக்கையாளருக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் கூண்டில் நின்றவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, கம்பெனி ஊழியர்களே சாட்சிக் கூண்டில் ஏறி மென்பொருள் சரி என்று சொன்ன வழக்குகளும் உண்டு.

நம் ஊர்ப் பக்கம் வைத்துப் பாருங்கள். நூறு நாள் வேலை வருகைப் பதிவு, ரேஷன் கடைக் கைரேகை இயந்திரம், உதவித்தொகைப் பட்டியல். இவற்றில் ஒரு பெயர் பொருந்தவில்லை என்றால் பணம் நிற்பது ஒரு ஆளுக்கு. நம் பெயர்களில் முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று படிவம் கேட்டால் அப்பா பெயர் மகள் பெயராகிவிடும். பாண்டியம்மாள் ஒரு அட்டையில் 'பாண்டியம்மா', இன்னொன்றில் 'பாண்டி அம்மாள்'. பழைய பட்டியல் 'வானவில்' என்ற பழைய கணினித் தமிழ் எழுத்துருவில் இருக்கும். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறைக்கு 2010-இல் அரசாணை வந்தபிறகும், பழையதை அதற்கு மாற்றும்போது ஒரு கொம்பு இடம் மாறிவிழும். எழுதினவருக்கு அது ஒரு சின்னப் பிழை, பாண்டியம்மாளுக்கு மூன்று மாதப் பணம்.

அதனால் என் பதில்: பிழைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இதனால் யாருக்குப் பணமோ பேரோ போகும்?' என்று ஒரு கட்டம் வையுங்கள். அது நிரம்பியிருந்தால் எம்.டி. கையெழுத்தோடு துறைத் தலைவருக்கே கடிதம் போக வேண்டும். யார்மீதாவது நடவடிக்கை எடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால், அதை நம்பக்கூடாது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் போனாலும்தான்.

அதிகாரி 'சின்ன மாற்றம்தான் தம்பி' என்றால்?

செய்து கொடுங்கள், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொண்டு. அவர் நல்லவராகவே இருப்பார். ஆறு மாதத்தில் மாறுதல் ஆகிப் போவார், புதிதாக வருபவர் 'யார் சொல்லி மாற்றினீர்கள்?' என்பார். தணிக்கைக்காரர் கேட்பதும் அதே கேள்விதான்.

நாங்கள் சப்-கான்டிராக்ட் மட்டும்தான், எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

மேலே சிக்கல் என்றேனே, இதுதான். ஒப்பந்தத்தில் உங்கள் பெயரே இருக்காது, அபராதம் மட்டும் இறங்கி வரும். மேலே உள்ளவர் துறையிடம் பணம் வாங்கிய பிறகுதான் தருவேன் என்று எழுதியிருப்பார். அந்த 45 நாள் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்பதை முதல் கூட்டத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியைத் தலைவராக வைத்தால் கதவுகள் திறக்குமே?

ஓய்வுபெற்று ஒரு வருடத்துக்குள் தனியார் வேலைக்கு வர அவருக்கு அரசு அனுமதி வேண்டும், அதை முதலில் பாருங்கள். மற்றபடி, கோப்பு எப்படி நகரும் என்று சொல்லித் தர அவரைப் போல ஆள் இல்லை. ஆலோசகராக வையுங்கள். கதவு திறப்பதற்காக வைத்தால், ஆட்சி மாறும்போது அதே கதவு சாத்திக்கொள்ளும்.

என் மகள் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். இந்த மாதிரி ஒரு கம்பெனியில் சேரலாமா?

சேரலாம். சம்பளம் இலந்தைக்குளத்தில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கும், கற்றுக்கொள்வது அதிகம். நேர்காணலில் எம்.டி.யிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'நம் மென்பொருளை யாராவது பயன்படுத்துவதை நீங்கள் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது?' அவர் யோசிக்காமல் ஒரு ஊர்ப் பெயரும் நாளும் சொன்னால் சேரட்டும். 'ரிப்போர்ட் வருதும்மா, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்' என்றால், வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், மனு கொடுக்க வந்தவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு முடிவெடுக்கட்டும்.